என் தட்டில் மீந்தது

எங்கள் வீட்டில் சாப்பாடு வீணானதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விவாகரத்தாகிப் பிரிந்த நாள்வரை குப்பைக்கூடையில் ஒரு ரொட்டித் துண்டு கிடந்து நான் பார்த்ததில்லை. இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அன்றைக்கு யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யார் எதை மிச்சம் வைத்தார்கள் என்று கேட்டிருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

ஸ்டேஷனுக்கு வந்ததும் பேனாவும் காகிதமும் கொடுத்துத் தெரிந்ததை எழுதச் சொன்னீர்கள். மற்றவர்கள் அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். விடுமுறை நாள் மதிய விருந்துக்குப் பிறகு என் முன்னாள் கணவர் சோபாவில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவருடைய இப்போதைய மனைவியின் தட்டில் சிந்திக் கிடந்த இறைச்சியில் இதய மாத்திரைத் தூள் இருந்தது. அந்தப் பெண் பல் டாக்டர், மருந்து மாத்திரை தெரிந்தவள். அதனால் அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். வரும்போது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ கையுறை மாட்டிவிடப் போகிற மாதிரி. அவள் எதுவும் செய்யவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் அவர் சாப்பிடும் விதத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அவர் முதலில் தன் தட்டை முடிப்பார். பிறகு நிமிர்ந்து மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். மற்றவர்கள் போதுமென்று கரண்டியை வைத்ததும் எழுந்து, தட்டுத் தட்டாகப் போவார். மகள் கடித்துவிட்டு வைத்த ரொட்டி ஓரம், அவருடைய அக்கா சப்பிப் போட்ட எலும்பு, விருந்தாளி கிண்டிக் கிளறிப் பிடிக்காமல் ஒதுக்கிய பட்டாணி, எல்லாம் ஒரே தட்டுக்கு வந்து சேரும். ஒருவருடைய சூப் இன்னொருவருடைய கேக்கில் ஊறும். கத்தியின் பக்கவாட்டால் தட்டை சர்ரென்று வழிப்பார். அந்தச் சத்தத்தை எழுதும்போதே எனக்குப் பல் கூசுகிறது. எலும்பு யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்க மாட்டார், இன்னொரு முறை உறிஞ்சுவார். உதடு பளபளவென்று கொழுப்பாக இருக்கும். அந்த உதட்டோடு திரும்பி, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்.

சின்ன வயதில் பட்டினி கிடந்திருப்பார் போல என்று நீங்கள் இரக்கப்பட வேண்டாம். அவர் அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தவர். வீடு நிறைய ரொட்டியோடு வளர்ந்த பிள்ளை. இது வெறும் பழக்கம். அவர் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தம்பி இருக்கிற வீட்டில் தட்டு கழுவத் தண்ணீர் செலவு கிடையாது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள், மருத்துவமனைச் சமையலறை என்றேன், நீங்களும் சமையல்காரி என்று எழுதிக்கொண்டீர்கள். நான் சமைப்பதில்லை. நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகள் வார்டிலிருந்து திரும்பி வரும் அறைக்கு நான் பொறுப்பு. தட்டுகள் சின்ன லிஃப்டில் இறங்கி வரும். மூடியைத் திறந்து யார் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஒரேயடியாகச் சாப்பிடாமல் இருக்கிற நோயாளி யாரென்று மேலே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கொட்டிக் கழுவுவது. நீங்கள் ஒரு நாள் அங்கே வந்து நிற்க வேண்டும். தேநீரில் ஊறிப்போன ரொட்டி, மென்று துப்பி ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் ஒளித்துவைத்த இறைச்சி, சளி துடைத்த காகிதம், சில நாள் கழற்றி வைத்த பல் செட். பல வருஷமாக மனித எச்சிலின் ஆவியில் நிற்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் மேஜையில் இவர்.

அவரை நான் சந்தித்ததும் அந்த அறையில்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். தட்டு இறங்கும் லிஃப்ட் மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு வார்டின் மதியச் சாப்பாடு நாறிக்கொண்டிருந்தது. சரிசெய்துவிட்டு, என்னோடு கேண்டீனில் உட்கார்ந்தார். பேச்சு வாக்கில் என் தட்டிலிருந்து நான் கடித்து வைத்த ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது என் எச்சில் என்றேன். "உன் தட்டுல இருக்கறது உனக்கு வேற, எனக்கு வேறயா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. அருவருப்பு என்றுதான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினோம். இந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நான் கேட்காத நாள் இல்லை. அவருக்குக் காதில் ஏறவில்லை. கடைசியில் விவாகரத்து மனுவில் காரணம் என்று ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்ததையும், அதைச் சரிசெய்ய இவர் தலை வாரி, சட்டை மாற்றிப் போக ஆரம்பித்ததையும் நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் நான் ஏதோ கைவிடப்பட்டவள் மாதிரி ஆகிவிடும். கணவர் அனைவருடைய எச்சிலையும் தின்கிறார், அவரோடு ஒரே மேஜையில் உட்கார முடியவில்லை, குமட்டுகிறது என்று எழுதினேன். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்துக் காட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், வெளியே மாற்றிப் பேசுகிறார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் செய்தவள் என் மகள். வேறு ஊரில் படிக்கிறாள். முதல் விடுமுறை வந்தபோது இரண்டு பேருக்கும் ஒன்றாக ஃபோன் போட்டாள்.

"பாதி லீவு அங்க, பாதி லீவு இங்கன்னு என்னால சூட்கேஸ் மாதிரி அலைய முடியாது. லீவு நாள் சாப்பாடுன்னா எல்லாரும் ஒரே மேஜையில உட்காருங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் ஹாஸ்டல்லயே சாப்பிட்டுக்கறேன்."

அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. நானும் சரி என்றேன், அவரும் சரி என்றார். பல் டாக்டரின் வீடு பெரியது என்பதால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி முடிவு செய்தார். ஆக நான் என் புருஷனை விட்டுவிட்டு, அவருடைய புதுப் பெண்டாட்டி வீட்டில் கை நனைக்கப் போனேன். உலகத்தில் இப்போது இதற்கு நாகரிகம் என்று பெயர். ஆறு பேர். நான், அவர், பல் டாக்டர், மகள், அண்ணி, பிறகு அவருடைய கூட்டாளி மெக்கானிக். அவனை எல்லோரும் கயிறு என்றுதான் கூப்பிடுவோம், எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஏற மாட்டான்.

வீடு சுத்தமாக இருந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்து வாசனை அடித்தது. பல் டாக்டர் என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள், அக்கா அக்கா என்றாள். நல்ல கோழி சமைத்திருந்தாள், அதை ஒத்துக்கொள்கிறேன். சாப்பிட்டு முடிந்ததும் அவர் எழுந்தார். மகள் தட்டு, கயிறின் தட்டு, அண்ணி தட்டு, பல் டாக்டர் தட்டு என்று வழித்துக்கொண்டே வந்தார். என் தட்டுக்கு வந்ததும் கை நின்றது. தட்டைத் தூக்கினார். ஜன்னல் ஓரத்தில் காலால் மிதித்தால் வாய் திறக்கிற குப்பைக்கூடை ஒன்று இருந்தது. மிதித்தார், நான் மிச்சம் வைத்திருந்ததைக் கொட்டினார், காலை எடுத்தார். மூடி டப்பென்று விழுந்தது. அந்த வீட்டில் அன்றைக்குக் கூடைக்குப் போன தட்டு என்னுடையது ஒன்றுதான்.

எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. இருபது வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. நிம்மதியில் சிலருக்கு அப்படி ஆகும்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது, சும்மா ஒரு சோதனைக்காக, கோழித் தோலை நான் தின்னாமல் வைத்தேன். மொறுமொறுவென்ற தோல் என்றால் அவர் உயிரை விடுவார். அதை மடித்து, சாறு தொட்டு, தட்டில் அவர் வரும் பக்கத்து விளிம்பில் வைத்தேன். கூடைக்குத்தான் போனது. அதற்கு முன்னால் பல் டாக்டர் கடித்து வைத்த ரொட்டியை எடுத்தார். அதில் அவளுடைய உதட்டுச் சாயம் பட்டிருந்தது. சாயம் பட்ட ஓரத்தை முதலில் தின்றார். நாள் முழுக்க முகமூடி போட்டு, கையுறை போட்டு, அடுத்தவர் வாயில் விரல் விடுவதற்கு முன் மூன்று தடவை கை கழுவுகிற பெண், அதைப் பார்த்துக் குழந்தையைப் பார்ப்பது போலச் சிரித்தாள். நான் தண்ணீர் குடித்தேன். ஒரு மனிதன் இவ்வளவு கேவலமாகத் தின்ன முடியுமா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பல் டாக்டர் என் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, உங்க தட்டை அவர் தொடறதில்ல, கவனிச்சீங்களா? நான்தான் சொன்னேன். கோர்ட்டுல உங்க மனுவைப் படிச்சப்ப ரொம்ப அவமானமா இருந்துச்சாம். இத்தன வருஷம் உங்களைக் கஷ்டப்படுத்திட்டோமேன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அப்ப இனிமே அவங்க தட்டுல கை வைக்காதீங்க, அதுதான் மரியாதைன்னு சொன்னேன்."

"ரொம்ப நன்றி" என்றேன். கையில் இருந்த கிண்ணத்தை நன்றாகக் கழுவி அவளிடம் கொடுத்தேன். அவள் கெட்டவள் இல்லை. அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். என்னைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், எனக்காக ஒரு விதி போட்டிருக்கிறார்கள், அதைத் தவறாமல் நடத்தியிருக்கிறார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது. நான் கோபப்படவில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். நோயாளிகள் எல்லோரும் மாத்திரையை விழுங்குவதில்லை. நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் போட்டுக்கொள்வார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பி உருளைக்கிழங்கு மசியலுக்குள் புதைத்துவிடுவார்கள். இதய வார்டில் இது அதிகம், வயதானவர்கள் பிடிவாதக்காரர்கள். தட்டு எங்களிடம் வரும்போது மசியலைக் கிளறிப் பார்க்க வேண்டும். மாத்திரை கிடைத்தால் உடனே வார்டுக்குச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இரண்டாவது விருந்துக்குப் பிறகு கொடுப்பதை நிறுத்தினேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது. நல்ல பொருள், வீணாகப் போகிறதே என்று தோன்றியது. அவரோடு இருந்து அவருடைய குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போல.

அவற்றை நான் கழுவவில்லை. சிலது பாதி கரைந்திருக்கும். சிலதில் மசியல் காய்ந்து ஒட்டியிருக்கும். சிலதில் யாருடைய எச்சிலோ நூலாகக் காய்ந்திருக்கும். வீட்டில் ஜன்னல் ஓரத்தில் காகிதத்தில் பரப்பி வெயிலில் வைப்பேன். காலையில் காபி குடிக்கும்போது பார்ப்பேன். எத்தனை பேருடைய வாய் என்று நினைக்கும்போது குமட்டும், ஆனாலும் பார்ப்பேன். தட்டில் இருப்பது யாருக்கும் வேறில்லை என்று நம்புகிற மனிதருக்கு இதில் ஆட்சேபணை இருக்க முடியாது. ஒரு வார்டு முழுவதும் மிச்சம் வைத்தது.

போன விடுமுறைக்கு மகள் வந்தாள். இந்த முறை அம்மாவும் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு வரட்டும் என்று அவளே சொன்னாள். இறைச்சி அடைத்த பன் செய்தேன், ஆளுக்கு ஒன்று. ஐந்தில் இறைச்சி மட்டும். ஆறாவதில், ஒரு பக்கமாக, மிளகும் வெங்காயமும் தூக்கலாகப் போட்டு, அரைத்த மாத்திரைப் பொடியையும் சேர்த்து அடைத்தேன். அது எனக்கென்று வைத்துக்கொண்ட பன். பரிமாறும்போது நானே எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். நான் யாருக்கும் எதையும் கலந்து கொடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் முழுப் பன்னாக இருந்தால் அவர் தொட மாட்டார். முழுசாக இருப்பதை நாளைக்கென்று மூடி வைத்துவிடுவார். கடித்த பன் என்றால்தான் அவருக்கு மிச்சம். அதனால் பொடி இல்லாத ஓரத்தில் ஒரு வாய் கடித்தேன். என் முன்பல் ஒன்று பல வருஷமாகவே பாதி உடைந்திருக்கிறது. அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கிளினிக்குக்கு வாங்க அக்கா, ஓசியில் சரிசெய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். உடைந்த பல் என்பதால் நான் எதைக் கடித்தாலும் நடுவில் ஒரு சின்ன மேடு கடிபடாமல் நிற்கும். குடும்பம் நடத்திய காலத்தில் அவர் அதை வைத்து என்னை ஓயாமல் கேலி செய்வார். மேஜையில் பத்து ரொட்டி கிடந்தாலும் உன்னுடையது எது என்று கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவேன் என்பார்.

பல் டாக்டர் கேக் எடுக்க உள்ளே போனாள். அவள் தன் பன்னை முழுசாகத் தின்றுவிட்டதாக உங்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நீங்கள் நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் சொல்வது உண்மை. ஒரு துணுக்கு விடாமல் தின்றாள், நான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியும் மகளும் ஃபோனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு யாரோ ஒருவருடைய கட்டட லிஃப்டைப் பற்றிக் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். அவர் குனிந்து தன் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். என் பன்னை எடுத்துப் பல் டாக்டரின் தட்டில் வைத்தேன். கொஞ்சம் இறைச்சி சிந்தியது. என் தட்டில் விட்டால் அது கூடைக்குப் போகும். அந்த விதியை நான் போடவில்லை.

அவர் எழுந்து தட்டுகளை வழிப்பதற்குள் பல் டாக்டரே திரும்பி வந்து அதைத் தின்றிருக்கவும் கூடும். அதையும் நான் யோசித்திருந்தேன். அப்படி நடந்திருந்தாலும் எதுவும் வீணாகியிருக்காது. நான் யோசிக்காதது மகளை. பெரிய மனுஷியாகிவிட்டாள், உதவி செய்கிறேன் என்று எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். பல் டாக்டரின் தட்டை எடுத்து, அந்தப் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசனை நன்றாக இருக்கிறதே என்று சொன்னாள்.

"வை கண்ணு. அப்பா சாப்பிட்டுக்குவார்" என்றேன்.

வைத்துவிட்டாள். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அவளும் எதுவும் கவனிக்கவில்லை.

அவர் அந்தப் பன்னைத் தின்று கொஞ்ச நேரத்தில் வயிறு சரியில்லை என்றார். கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். மூக்குப் பிடிக்கத் தின்றால் அப்படித்தான் என்று அண்ணி கிண்டல் செய்தார். சோபாவில் படுத்தார். பல் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறி, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், அவரோடு இருபது வருஷம் இருந்தவள். அதிகமாகத் தின்றால் அவருக்கு எப்போதும் இப்படி வரும், கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும், லீவு நாளில் ஆம்புலன்ஸை அலைக்கழிக்காதே என்றேன். அவள் என் பேச்சைக் கேட்டாள். என்னை மதிக்கிறவள் என்று முன்பே சொன்னேனே.

அவர் தூங்கும்போது நான் பாத்திரங்களைக் கழுவினேன். ஒரு தட்டைத் தவிர எல்லாவற்றையும் கழுவினேன். அந்த ஒரு தட்டை மேடையில் மற்ற சாமான்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று உங்கள் ஆளிடம் சொன்னது பொய். தட்டுகளோடு இத்தனை வருஷம் வேலை பார்க்கிறவள், தட்டை மறக்க மாட்டேன். இடையில் ஒரு முறை கூடத்துக்கு வந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உதட்டில் கொழுப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். பிறகு பல் டாக்டர் வந்து கையைத் தொட்டுவிட்டு, கத்தினாள்.

இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே போனது. தட்டைச் சோதித்த முடிவு வந்ததும் நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் மகளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பழையபடி நானும் அவளும் மட்டும் ஒரே மேஜையில். அவள் எதையும் தொடவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிறவள் போல ஒன்று சொன்னாள்.

"கடைசி வாய்கூட அவங்க எச்சில்தான் அம்மா அவருக்கு. உன் தட்டுன்னா குப்பையில கொட்டிட்டு, அவங்க தட்டுல எடுத்துத் தின்னு செத்தாரு."

மகள் தூங்கப் போன பிறகும் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. நாளைக்குப் பேப்பரில் இப்படித்தான் வரும். அண்ணி இப்படித்தான் ஊரெல்லாம் சொல்வார். கயிறு சொல்வான். மனைவியின் தட்டில் மீந்ததைத் தின்று செத்தார். ஒரு நிரபராதிப் பெண் என் தவறுக்காக உள்ளே இருப்பதை என் மனசாட்சி ஏற்கவில்லை, அதனால்தான் காலையில் நானே உங்களைத் தேடி வந்தேன்.

நான் செய்ததை ஒத்துக்கொள்கிறேன். மாத்திரைகளைச் சேர்த்தது, பொடித்தது, அடைத்தது, தட்டு மாற்றியது, ஆம்புலன்ஸைத் தடுத்தது எல்லாம் நான். காரணம் என்று ஒன்று போட வேண்டுமானால் அருவருப்பு என்று போடுங்கள். அந்த மனிதர் தின்பதை இனிமேல் ஒரு விடுமுறைகூட என்னால் பார்க்க முடியாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. இதை அந்த மேஜையில் யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். பல் டாக்டரின் தட்டிலிருந்து அவர் அந்தப் பன்னை எடுத்ததும் வழக்கம்போல வாயில் போடவில்லை. கடித்த இடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த மேட்டைத் தடவினார். சிந்திய இறைச்சியைக்கூட வழிக்காமல் தட்டை அப்படியே விட்டுவிட்டு, பன்னோடு ஜன்னல் ஓரத்துக்குப் போனார். கூடையை மிதித்தார். அது வாயைத் திறந்தது. அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு காலை எடுத்துவிட்டு, கடித்த ஓரத்தை முதலில் வாயில் வைத்தார்.

அதனால் பல் டாக்டரை அனுப்பிவிடுங்கள், அவள் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் அறிக்கையில் மனைவியின் எச்சில் என்று இருப்பதை அடித்துவிட்டு, என் எச்சில் என்று எழுதுங்கள். தெரிந்துதான் தின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.